தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான், கேஸ் முடிந்ததா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. எலக்ட்ரிக்கல் சாமான் குடோன் ஒன்றில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. காப்பர் ஒயர் காயில்கள் குறைகிறது என்று முதலாளி புகார் கொடுத்தார். ஜூன் 10 சாயங்காலம் குடோனிலிருந்தே போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. 12ஆம் தேதி காலையில்தான் கோர்ட்டில் நிறுத்தி ரிமாண்ட் செய்தார்கள். இப்போது கிளைச் சிறையில் இருக்கிறான். ஸ்டேஷனில் எழுதிவைத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு காயில் எடுத்ததாகவும் சொல்கிறார்கள். ஜாமீன் மனு ஒருமுறை தள்ளுபடி ஆகிவிட்டது. வக்கீலைக் கேட்டால் ‘60 நாள் ஆகட்டும், தானாக வந்துவிடுவான்’ என்கிறார். ஸ்டேஷனில் ‘ரொம்ப அலைந்தால் குண்டாஸ் போட்டுவிடுவோம்’ என்கிறார்கள். பணத்தைக் கட்டினால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார் முதலாளி. அவன் மேல் இதற்கு முன் ஒரு கேஸும் கிடையாது. கையெழுத்துப் போட்டுவிட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. காவல் நிலையத்தில் போட்ட கையெழுத்தால் உங்கள் தம்பி குற்றவாளி ஆகிவிடவில்லை. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி இது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியம் வந்திருக்கிறது. அதிலும் 23ஆம் பிரிவாக இந்த விதி அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, பூட்டிய அறைக்குள் வாங்கிய கையெழுத்தை நம்பக் கூடாது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்த விதியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. உங்கள் வழக்கு அந்த வாசலில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியத்தில் சேரும். எந்த அளவுக்குச் சேரும் என்பதை, சுதந்திரத்துக்குச் சற்று முன்னால், மெட்ராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு கொலை வழக்கு தீர்த்துவைத்தது. ‘வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்’ என்றால், கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்ற அளவுக்குத்தான் அது நிரூபணம். ‘அந்தக் கத்தியால்தான் குத்தினேன்’ என்ற வார்த்தைகள் உள்ளே வராது. இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருவோம். அந்தத் தாளில் ‘நான்தான் திருடினேன்’ என்று பத்து வரி எழுதியிருந்தாலும் அது சாட்சியமாகாது. ‘இன்ன கடையில் கொடுத்தேன், அழைத்துப் போனால் காட்டுகிறேன்’ என்ற வரியைத்தான் அரசுத் தரப்பு கையில் எடுக்கும். அப்போது நாம் கேட்க வேண்டியவை வேறு. அந்தக் கடை போலீசுக்கு முன்பே தெரியுமா? முதலாளியே காட்டிக் கொடுத்த கடையா? அப்படியானால் அது கண்டுபிடிப்பே இல்லை. காயிலில் குடோனின் அடையாளம், ஸ்டிக்கர், பேட்ச் எண் ஏதாவது இருந்ததா, அல்லது எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒயரா? மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் பதிவில், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார்? நம் ஊர் வழக்குகளில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரையும் அவருடைய உதவியாளரையும்தான் சாட்சியாகப் போடுவார்கள். அவர்கள் உண்மையிலேயே அந்த இடத்துக்குப் போனார்களா, தயாரான தாளில் பிறகு கையெழுத்துப் போட்டார்களா என்பது குறுக்கு விசாரணையில் தெரிந்துவிடும். இதெல்லாம் விசாரணைக் கட்டத்தில் நடப்பவை. இப்போதைக்குக் கையெழுத்தை நினைத்து நீங்கள் குமைய வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயம். ஜூன் 10 சாயங்காலம் கூட்டிப் போனவனை 12ஆம் தேதி காலையில் கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆவது உறுப்பு. ஆனால் ரிமாண்ட் அறிக்கையில் என்ன எழுதியிருப்பார்கள் என்று அதைப் பார்க்காமலேயே ஊகிக்க முடியும்: ‘11ஆம் தேதி பிற்பகல் பஸ் ஸ்டாண்டு அருகே சந்தேகப்படும்படி நின்றவரைப் பிடித்தோம்’ என்கிற மாதிரி இருக்கும். 10ஆம் தேதி இரவு அவன் எங்கே இருந்தான் என்பதைக் காட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. குடோன் வாசல் கேமரா, எதிர்க்கடைக் கேமரா, அன்றிரவு நீங்கள் ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தால் உங்கள் செல்போன் அழைப்பு விவரம், எல்லாமே உதவும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தேதிகளின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி மாஜிஸ்திரேட்டிடம் இப்போதே மனு கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கேமராவுக்கு இன்னும் அவசரம். பழைய பதிவு சில வாரங்களிலேயே தானாக அழிந்துவிடும்.

அவனை அடித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்திருக்கலாம். அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது அவனிடம் நேராகக் கேளுங்கள். அடி பட்டிருந்தால் சிறை மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், காவல் நீட்டிப்புக்காக மாஜிஸ்திரேட் முன் வரும்போது அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் பிடிபட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட பிறகுதான் இறந்தார்கள். ரிமாண்ட் என்பது மாஜிஸ்திரேட் ஆளைக் கண்ணால் பார்த்து, கேட்டு, பிறகு முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஒரு நிமிடத்தில் நடந்து முடிகிற சடங்காக அதை விட்டுவிடக் கூடாது.

இப்போது அந்த 60 நாள். ‘தானாக வந்துவிடுவான்’ என்று உங்கள் வக்கீல் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வேறு மாதிரி சொல்லி உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கலாம். ஆனால் தானாக யாரும் வெளியே வருவதில்லை.

ஒருவரைச் சிறையில் வைத்துக்கொண்டு போலீஸ் காலவரையறை இல்லாமல் புலன் விசாரணை நடத்த முடியாது. முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 167ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆவது பிரிவு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை போன்ற பெரிய தண்டனைக்குரிய வழக்கு என்றால் 90 நாள், மற்ற வழக்குகளுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. நீதிபதி கருணை பார்த்துக் கொடுப்பது அல்ல அது. வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடியதாகச் சொல்லும் வழக்குக்கு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 306ஆவது பிரிவில் அதிகபட்சம் ஏழாண்டுதான். ஆகவே உங்களுக்கு 60 நாள். முதல் தகவல் அறிக்கையில் வேறு பிரிவு ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டை உடைத்ததாக ஒரு பிரிவு சேர்ந்தாலே தண்டனை அளவு மாறும், இந்தக் கணக்கிலும் தகராறு வரும். அறிக்கையின் நகல் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்க வேண்டும். அதைப் பதிவேற்ற வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு.

நாளை எப்படி எண்ணுவது? கைதான தேதியிலிருந்து அல்ல, ரிமாண்ட் ஆன தேதியிலிருந்து எண்ண வேண்டும். ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு ஜூன் 12 முதல் நாள். ஜூனில் 19 நாள், ஜூலையில் 31, ஆக 50. ஆகஸ்ட் 10 அறுபதாவது நாள். அன்று வரை குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால், ஆகஸ்ட் 11 காலையில் கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. நீங்கள் மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். மனு முதலில் போய், அதே நாள் சாயங்காலம் குற்றப்பத்திரிகை வந்தால் உரிமை நிலைக்கும். சென்னையிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தீர்மானித்தது. காலையில் மனு, மாலையில் புகார் அறிக்கை (அந்த வழக்கில் குற்றப்பத்திரிகையின் இடத்தில் இருப்பது அதுதான்), கைதானவருக்கு ஜாமீன் கிடைத்தது. ஒரு மனிதனின் சுதந்திரம் சில மணி நேர வித்தியாசத்தில் நிற்கிறது என்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடைமுறை அப்படித்தான். மனுவில் முத்திரையோடு நேரத்தையும் குறிக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல வருடத்துக்கு முன் ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். பையன் உள்ளே. கையில் நூலால் கட்டிய சின்னக் கட்டு. பிரித்தால், தினசரி காலண்டர் தாள்கள். பையன் உள்ளே போன நாளிலிருந்து ஒவ்வொரு தாளையும் கிழித்து, எறியாமல், ஊசியால் கோத்து வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, எண்ண மட்டும் தெரியும். என் ஜூனியர் டைரியில் குறித்துவைத்த தேதி ஒரு நாள் பிந்தியிருந்தது. ரிமாண்ட் நாளைச் சேர்க்காமல் எண்ணியிருந்தார். அந்த அம்மாவின் கட்டில் 61 தாள் இருந்தது. அன்றைக்கே மனு போட்டோம். குற்றப்பத்திரிகை மறுநாள் காலை வந்தது.

கொரோனா ஊரடங்கின்போது மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் இதே உரிமைக்குச் சோதனை வந்தது. அதுவும் திருட்டு வழக்கு. 60 நாள் கடந்தும் குற்றப்பத்திரிகை இல்லை. ஊரடங்கில் எல்லாக் கால வரம்பும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஜாமீன் மறுக்கப்பட்டது. 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊரடங்கைக் காரணம் காட்டிக்கூட ஒருவருடைய சுதந்திரத்தைத் தள்ளிப்போட முடியாது என்பதுதான் அதன் சாரம். திருட்டு வழக்கில் உள்ளே கிடந்த ஒரு சாதாரண மனிதருக்காக வந்த தீர்ப்பு அது, இன்று நாடு முழுக்க எடுத்துக் காட்டப்படுகிறது.

சரி, அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? இங்கேதான் உங்கள் வக்கீலோடு எனக்குக் கருத்து வேறுபாடு. கூடாது. மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தால் மாவட்ட அமர்வு நீதிமன்றம் இருக்கிறது, அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் புகார் வந்தவுடன் கைது செய்யக் கூடாது, கைது ஏன் அவசியம் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லிவிட்டது. உங்கள் தம்பி வழக்கு சரியாக அந்த வரம்புக்குள் வருகிறது. பொருள் கைப்பற்றியாகிவிட்டது, முன் வழக்கு இல்லை, ஊரில் குடும்பம் இருக்கிறது, ஓடிப்போகிறவன் இல்லை. ‘ஜாமீன்தான் விதி, சிறை அல்ல’ என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதி ஐம்பது வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களில் பலர் உள்ளேயே கிடப்பதற்கு வழக்கின் கடுமை காரணமில்லை, அடுத்த மனுவைப் போட வெளியே ஆள் இல்லை.

பணம் இல்லாததால்தான் உங்கள் வக்கீல் காத்திருக்கச் சொல்கிறாரோ என்று ஒரு சந்தேகம். அப்படியானால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் உள்ளேயே கிடப்பவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். ஜாமீன்தாரர் கிடைக்காததுதான் காரணம். இரண்டு பேரை இப்போதே பேசி வையுங்கள், ஒருவர் ரத்த சொந்தமாக இருப்பது நல்லது. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் அசலோடு தயாராக இருக்கட்டும். கேட்கும் தொகை உங்கள் சக்திக்கு மீறியிருந்தால் குறைக்கச் சொல்லி மனு போடலாம். 1978இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்தில் சொத்து இருக்கிறது என்று ஜாமீன்தாரரையும் தள்ளியபோது, அதே கிருஷ்ணய்யர்தான் ஏழையிடம் அப்படிக் கேட்பது தவறு என்று தொகையை 1,000 ஆக்கினார். வெளியே வந்ததும் தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடு என்று நிபந்தனை இருக்கலாம். அலுப்பாக இருந்தாலும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. தவறினால் ஜாமீனையே ரத்து செய்யக் கேட்பார்கள்.

குண்டாஸ் பற்றி. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் அது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவிட்டால், விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். கடுமையான சட்டம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது குற்றச் செயல்களால் பொது அமைதியைக் கெடுப்பவர்கள் மேல் போட வேண்டியது. முதல் வழக்கில், குடோன் ஒயர் விவகாரத்தில் போட்டால் சட்டவிரோதக் காவலை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுவில், அந்த உத்தரவு உயர் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். உங்களை ஜாமீனுக்கு அலையவிடாமல் தடுக்க அப்படிச் சொல்லியிருக்கலாம். அதைவிட நான் கவலைப்படுவது வேறொன்று: துப்புக் கிடைக்காத பழைய திருட்டு வழக்குகளில் பி.டி. வாரண்ட் (ஒரு வழக்கில் சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காகக் கோர்ட்டில் நிறுத்த வாங்கும் உத்தரவு) போட்டு இவனையும் சேர்ப்பது. அப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக நாள் எண்ண வேண்டும், தனித்தனியாக ஜாமீன் எடுக்க வேண்டும். மனு போட்டு அவனைப் பார்க்கும்போதெல்லாம் ‘வேறு கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்களா, வேறு தாளில் கையெழுத்துக் கேட்டார்களா’ என்று விசாரியுங்கள்.

முதலாளி சொல்வதைப் பொறுத்தவரை, அவர் ஸ்டேஷனில் போய் ‘வேண்டாம்’ என்றால் வழக்கு மூடிவிடாது. வழக்கை நடத்துவது அரசு, அவர் புகார்தாரர் மட்டுமே. ஆனால் வேலைக்காரர் திருட்டு என்ற பிரிவு, நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக்கூடிய பிரிவுகளில் ஒன்று. ஆகவே வழி இருக்கிறது. அது கோர்ட் வழியாக, எழுத்தில், இரண்டு பக்க வக்கீல்களும் இருக்கும்போது நடக்க வேண்டும். குடோனில் வைத்து ரொக்கமாகக் கொடுத்துவிடாதீர்கள், ‘என் தம்பி எடுத்ததற்காக’ என்று எதிலும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். அவன் உண்மையில் எடுத்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். எடுத்திருந்தாலும் இந்த உரிமைகள் ஒன்றுகூடக் குறையாது.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது 23ஆம் நாள் ஆகியிருந்தது. இந்த வாரமே அமர்வு நீதிமன்றத்தில் ஜாமீன் மனு போகட்டும், கேமரா பதிவுக்கான மனுவும் கூடவே போகட்டும். அடுத்து தம்பியைப் பார்க்கப் போகும்போது, அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயந்துகொண்டிருக்க வேண்டாம் என்று அவனிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஆகஸ்ட் 11ஆம் தேதியை அவனுக்கும் சொல்லுங்கள். உள்ளே அவனும் எண்ணிக்கொண்டிருக்கட்டும்.